செடி இழுக்கும் உலோகம் எங்கே போகிறது?

பழைய தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலில் விட்டுப்போன பாதரசப் பிரச்சினை பேச்சில் வந்தால், "அந்த இடத்தில் தகுந்த செடியை வைத்துவிட்டால் மண் தானாகச் சுத்தமாகிவிடாதா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பி வைத்து, அதற்குத் தாமிர மருந்து அடிக்கும் எனக்கு இதே கேள்வி வீட்டுக்குள்ளிருந்தும் வருகிறது. வேளாண் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன், "மாமா, கடுகு போட்டா மண்ணுல இருக்கிற காப்பர் இறங்கிடுமாம், கிளாஸ்ல சொன்னாங்க" என்றான். அவன் வகுப்பில் கேட்டது பொய்யில்லை. ஆனால் இறங்கிய தாமிரம் எங்கே ஏறும், ஏறியதை என்ன செய்வது, எத்தனை வருடம் ஆகும் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பாடம் நம் மலைக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும். நான் படித்தும் கேட்டும் அறிந்ததை வைத்து அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. மண்ணில் டீசல் கொட்டிவிட்டால் அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை காலப்போக்கில் அதைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் உடைத்துவிடும். பல பூச்சிமருந்துகளும் இப்படிச் சிதைந்து போகும். பாதரசம், ஈயம், காட்மியம், தாமிரம் ஆகியவை அப்படியல்ல. அவை தனிமங்கள், எந்தச் செடியாலும் எந்த நுண்ணுயிராலும் அவற்றை இல்லாமல் ஆக்க முடியாது. இருக்கும் இடத்தை மாற்றலாம், இருக்கும் வடிவத்தை மாற்றலாம். செடியைக் கொண்டு உலோகத்தைத் தழைக்கு ஏற்றி அறுத்து எடுப்பது, வேரடியிலேயே பிடித்து நிறுத்தி வைப்பது, காற்றில் ஆவியாக விட்டுவிடுவது என்று அறிவியல் பேசும் வழிகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்குபவைதான்.

அறுத்து எடுக்கும் வழிக்கு நம்பிக்கை கொடுத்தவை, சாதாரணச் செடிக்கு நஞ்சாகும் அளவு உலோகத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டு செழிப்பாக வளரும் சில தாவரங்கள். பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் இருக்கிறது; பட்டையைக் கீறினால் நீலம் கலந்த பச்சை நிறத்தில் பால் வடிகிறது. அந்தப் பாலை உலர்த்தி நிறுத்தால் அதன் எடையில் கால்பங்கு வரை நிக்கலாக இருக்கும். இத்தகைய தாவரங்களை ஒரு தனி வகையாக அறிவியலார் பேசத் தொடங்கியது 1970-களில். பின்னர் 2001-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மரப்பலகைகளுக்கு ஆர்செனிக் மருந்தேற்றிய பழைய இடமொன்றில், டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி ஆர்செனிக்கைத் தன் ஓலைகளில் குவித்து வைத்திருப்பதை லீனா மா என்ற மண்ணியல் அறிஞரும் அவர் குழுவினரும் கண்டறிந்து வெளியிட்டனர்.

அந்தப் பெரணியைப் பார்க்க நாம் புளோரிடாவுக்குப் போக வேண்டியதில்லை. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த பழைய கட்டடச் சுவர்களிலும் பாலங்களின் கல்லிடுக்குகளிலும் அது தானாகவே முளைத்துக் கிடக்கிறது. நடுநரம்பின் இருபுறமும் நீண்டு குறுகிய சிற்றிலைகள் வரிசையாக இறங்கும்; நுனியிலுள்ள ஒற்றை இலை மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். ஓர் ஓலையைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு சிற்றிலையின் இரு ஓரங்களிலும் பழுப்பு நிறக் கோடு ஓடும். விரலால் தேய்த்தால் பொடியாக ஒட்டிக்கொள்ளும். அவை அதன் வித்துகள். ஆர்செனிக் இல்லாத சுவரில் அது ஒரு சாதாரணப் பெரணி, அவ்வளவுதான். மற்ற செடிகள் சுணங்கும் ஆர்செனிக் மண்ணில் அதே பெரணி நன்றாக வளர்கிறது.

ஆனால் எல்லா உலோகத்துக்கும் இப்படி ஒரு செடி வாய்த்துவிடவில்லை என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 20 செண்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 2,500 டன். அதில் ஒரு கிலோ மண்ணுக்கு 100 மில்லிகிராம் உலோகம் இருப்பதாகவும், அதை 20 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், வெளியேற்ற வேண்டிய உலோகம் 200 கிலோ. நிக்கல் சேர்க்கும் செடியாக இருந்தால் பிரச்சினையில்லை. அல்பேனியாவில் அத்தகைய செடியைப் பயிராகவே வளர்த்து ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ நிக்கல் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வேகத்தில் இரண்டு அறுவடை போதும். ஆனால் வேரைத் தாண்டி மேலே ஏற மறுக்கும் ஓர் உலோகத்துக்கு, ஒரு கிலோ உலர்ந்த தழையில் 10 மில்லிகிராம்தான் ஏறுகிறது என்றால், வருடத்துக்கு 10 டன் தழை அறுத்தாலும் கிடைப்பது 100 கிராம். 200 கிலோவை எடுக்க 2,000 வருடம் வேண்டும். தழையில் பத்து மடங்கு கூடுதலாக ஏறினாலும் 200 வருடம்.

பாதரசம் அப்படி ஏற மறுக்கும் உலோகம். மண்ணிலுள்ள பாதரசத்தை இலைக்குக் கொண்டுபோய்க் குவித்து வைப்பதாக நம்பிச் சொல்லத்தக்க இயற்கைச் செடி இதுவரை கையில் இல்லை. பெரும்பாலான செடிகள் உறிஞ்சும் சொற்ப அளவும் வேரிலேயே தங்கிவிடுகிறது. இலையில் காணப்படும் பாதரசத்தில் பெரும்பகுதி காற்றிலிருந்து, இலைத்துளைகள் வழியாக நுழைந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சில் இந்தத் திசை மாற்றம் பெரிய விஷயம். சோலை எனும் நம் மலைக்காட்டைப் பற்றிச் சொல்லும்போது இதற்கு மீண்டும் வருகிறேன்.

கொடைக்கானல் கதை தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் இங்கே இடம்பெயர்ந்து வந்து, பின்பு இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டு ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் எழுப்பிய குரலுக்குப் பின், 2001-இல் ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குப் போயிற்று. 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை வளாகத்து மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுக்குக் கொண்டுவருவது போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்ற வழக்கு நீண்டது. அந்த வளாகம் பாம்பார் சோலையின் விளிம்பில், சரிவின் மேல் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். மேலே மண்ணில் எதை இளக்கினாலும் அது கீழே பெரியகுளம் பக்கம் இறங்கும் தண்ணீருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி பாக்டீரியாவுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாதரசம் பட்ட மண்ணிலும் நீரிலும் வாழும் பல பாக்டீரியாக்களிடம் "மெர்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபணுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு புரதம் காவல் வேலை பார்க்கிறது. பாதரசம் இல்லாதபோது தொகுப்பு முழுவதையும் மூடி வைத்திருக்கும், பாதரச அயனி வந்து தொட்ட உடனே திறந்துவிடும். திறந்ததும் இன்னொரு புரதம் செல்லின் வெளிச்சுவருக்கு உட்புறத்திலேயே அயனியைப் பிடிக்கிறது. மற்றொன்று அதைச் செல்லுக்குள் கடத்துகிறது. மெர்-ஏ எனும் நொதி அந்த அயனிக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து உலோகப் பாதரசமாக மாற்றுகிறது. உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாகும் என்பதால் செல்லைவிட்டு நழுவிப் போய்விடுகிறது. சிலவற்றிடம் மெர்-பி என்ற நொதியும் உண்டு. அது மீத்தைல் பாதரசம் போன்ற கொடிய கரிமச் சேர்மங்களில் கார்பனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலான பிணைப்பையே முறித்துவிடும்.

இதைப் படித்துவிட்டு பாக்டீரியா மண்ணைச் சுத்தம் செய்கிறது என்று எழுதுகிறார்கள். அது தன் வீட்டுக் குப்பையைக் கூட்டித் தெருவில் தள்ளுகிறது, அவ்வளவே. தெருவில் அள்ளுவதற்கு ஆள் இருந்தால் அது நல்ல ஏற்பாடு. ஜெர்மனியில் பாதரசத்தைப் பயன்படுத்தி உப்புநீரிலிருந்து குளோரின் எடுக்கும் குளோர்-ஆல்கலி ஆலையின் கழிவுநீரை இத்தகைய பாக்டீரியாக்கள் படிந்த மூடிய கலத்தின் வழியே செலுத்தி, அவை உருவாக்கும் உலோகப் பாதரசத்தைக் கலத்துக்குள்ளேயே தங்க வைத்து, எஞ்சியதைக் கரி வடிகட்டியில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆலைக் குழாயிலிருந்து வரும் தண்ணீருக்கு இது நேர்த்தியான வழி. திறந்த மலைச்சரிவு கலம் அல்ல.

இதே மெர் மரபணுவைச் செடிக்குள் ஏற்றலாம் என்ற யோசனை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மீகர் என்பவரின் ஆய்வகத்தில் 1990-களில் நிறைவேறியது. முதலில் ஒரு சிறு ஆய்வுச் செடி, பின்பு மரங்கள். மரபணு மாற்றிய பாப்லர் இன மரங்களை 2003-இல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் பரிசோதனையாக நட்டார்கள். டான்பரி ஒரு காலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன ஊர். உரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தியதால் தொழிலாளர்களுக்கு வந்த கைகால் நடுக்கத்துக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள். மண்ணிலுள்ள பாதரசத்தை வேர் உறிஞ்ச, இலை அதை ஆவியாக வெளிவிடும் என்பது திட்டம். ஆவியான பாதரசம் மாதக்கணக்கில் காற்றில் சுற்றி உலகமெங்கும் பரவி நீர்த்துப் போகும், அதனால் ஓரிடத்துச் செறிவைவிட ஆபத்து குறைவு என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம்.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை, குறிப்பாக நம் மலைக்கு. கொடைக்கானலில் ஆலை இருந்தபோது காற்றில் போன பாதரசம் எங்கும் மறைந்துவிடவில்லை. மரங்களில் படரும் லைக்கன்களையும் பாசிகளையும் சேகரித்துச் சோதித்த இந்திய அணுசக்தித் துறை விஞ்ஞானிகள், அவற்றில் பாதரசம் ஏறியிருப்பதை 2003-இல் ஆய்வுக்கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும்கூட அது இருந்தது. மூடுபனியும் ஈரமும் இலையடர்ந்த சோலையும் உள்ள இடத்தில் காற்றில் விடுவதை மரம் வாங்கிக்கொள்கிறது, உதிரும் இலையோடு அது மீண்டும் மண்ணுக்கே வருகிறது. 2013-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பாதரசத்தைக் காற்றில் விடுவதைக் குறைப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மரத்தின் மூலம் விடுவதைச் சுத்திகரிப்பு என்று அழைப்பது முறையாகத் தோன்றவில்லை.

பாக்டீரியாவில் நமக்கு எதிரான தரப்பும் உண்டு. காற்றில்லாத சேற்றில் வாழும், சல்பேட்டைச் சுவாசிக்கும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடும். அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2013-இல்தான் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தினரும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் அடையாளம் கண்டார்கள். மீனில் சேர்ந்து மனிதரை முடக்குவது இந்த மீத்தைல் பாதரசம். ஆகவே பாதரசம் கலந்த மண் சதுப்பிலும் ஏரி அடியிலும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வது, மண்ணுக்குள் எந்த நல்ல பாக்டீரியாவை ஊற்றுகிறோம் என்பதைவிடப் பல மடங்கு முக்கியமாகிறது.

அதனால்தான் இந்தச் சரிவுகளுக்கு இழுக்கும் செடியைவிடப் பிடிக்கும் செடியே பொருத்தம் என்று நினைக்கிறேன். மிக மோசமாகக் கெட்ட மண்ணைத் தோண்டி, கழுவி, சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்துப் பிடிக்கத்தான் வேண்டும். அந்த வேலையைச் செடியிடம் ஒப்படைக்க முடியாது. ஆனால் செறிவு குறைவாகவும் பரவலாகவும் உள்ள இடங்களில், தோண்டுவதே அடுத்த மழையில் எல்லாவற்றையும் கீழே அனுப்பிவிடும். அங்கே புல்லும் புதரும் வேர் பின்னி மண்ணை நிறுத்தி வைப்பது பெரிய காரியம். பாதரசம் இலைமட்கிலுள்ள கந்தகக் குழுக்களை விடாமல் பற்றிக்கொள்ளும் குணமுடையது. போகர் நவபாஷாணம் கட்டிய மலை என்று மரபு சொல்லும் பழனியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு, ரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துக் கட்டும் வித்தை புதிதல்ல. மட்கு செழித்த, நீர் தேங்காத மண் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது.

எந்தச் செடி என்பதிலும் அவசரம் கூடாது. தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த வாட்டில் மரம், புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்று நீலகிரிக்காரர்களுக்கும் நமக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக வளர்கிறது, எங்கும் பிழைக்கிறது என்று ஆய்வுக்கட்டுரை புகழும் செடி, சோலை விளிம்பில் நட்டால் அடுத்த வாட்டிலாகலாம். தழையில் உலோகம் ஏறும் செடியானால் இன்னொரு தொல்லை: கொடைக்கானல் தெருக்களில் சர்வசாதாரணமாக நடமாடும் காட்டெருமைக்கு வேலி ஒரு பொருட்டல்ல. ஆடு மாடு மேய்ப்பவர்களையும், காய்ந்த சுள்ளியைப் பொறுக்கி அடுப்பெரிப்பவர்களையும் எந்தப் பலகை வைத்துத் தடுப்பது? பாதரசம் ஏறிய விறகு அடுப்புக்குள் போனால் சமையலறையே ஆலையாகிவிடும்.

என் தோட்டத்துத் தாமிரத்துக்கு வருகிறேன். இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பது காப்பிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். மயில்துத்தத்தைத் (காப்பர் சல்பேட்) தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்துச் சேர்த்ததும், சாணை பிடித்த கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் நனைத்து எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பின் மேல் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். கத்தி வெளுப்பாகவே வந்தால் அடிக்கலாம். ஒரு சதவீதக் கலவைக்கு 200 லிட்டர் பேரலில் போடும் 2 கிலோ மயில்துத்தத்தில் தாமிரம் மட்டும் சுமார் அரை கிலோ. அது இலையிலிருந்து வழிந்தும் உதிர்ந்தும் மண்ணின் மேலடுக்கில் தங்குகிறது, கீழே இறங்குவது மிகக் குறைவு. நீலகிரித் தேயிலையிலும் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்துதான் காலங்காலமாக அடிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இப்போது அக்கா மகனின் கடுகுக்குக் கணக்கு. கடுகுத் தழையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் தாமிரம் ஏறுவதாகவும், ஹெக்டேருக்கு 10 டன் உலர்தழை கிடைப்பதாகவும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வருடம் முழுவதும் பாடுபட்டு வெளியேற்றுவது அரை கிலோ. ஒரே ஒரு பேரல் மருந்து அதைத் திருப்பி ஊற்றிவிடும். நிழல் மரங்களுக்கடியில் கடுகு அந்த அளவு விளையாது என்பது வேறு. ஈடிடிஏ போன்ற வேதிப்பொருளைப் பாய்ச்சினால் உலோகம் இளகிச் செடிக்குள் வேகமாக ஏறும் என்று கடுகை வைத்து ஈயத்துக்குச் செய்து பார்த்திருக்கிறார்கள். இளகிய உலோகத்தில் செடிக்குப் பிடிபடாத பங்கு மழையோடு ஊற்றுக்குப் போகும்; ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழையைத் தெரிந்தவர் யாரும் சரிவான காட்டில் அதைச் செய்யத் துணிய மாட்டார்.

எடுப்பதைவிட, போடுவதைக் குறைத்து இருப்பதை முடக்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் மண் புளிப்பு மண். புளிப்பு ஏற ஏறத் தாமிரம் கரைந்து வேருக்கு நஞ்சாகிறது. சுண்ணாம்பிட்டுப் புளிப்பைத் தணித்து, இலைமட்கைக் கூட்டினால் தாமிரம் அதில் ஒட்டி நின்றுவிடும். நல்ல பாக்டீரியாக்களுக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. வேரைச் சுற்றி வாழும் சிலவகைப் பாக்டீரியாக்கள் பிசினைச் சுரந்து தாமிரத்தைத் தம் மேலேயே பிடித்துக்கொள்கின்றன; சில, உலோக நெருக்கடியில் செடி உண்டாக்கும் எத்திலீனின் மூலப்பொருளை உடைத்து, வேர் சுருங்கிப் போகாமல் காக்கின்றன. சில, இரும்பைத் தேடிச் சுரக்கும் பொருளால் மற்ற உலோகங்களையும் இளக்கிவிடுவதும் உண்டு. ஆகவே கடையில் வாங்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாப் பொட்டலம் எல்லாம் உலோகத்துக்கு மருந்தென்று எண்ண வேண்டாம். அதையும் தாமிர மருந்தையும் ஒரே நாளில் ஒரே செடிக்குக் கொடுப்பது, காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவைத் தாமிரத்தால் நாமே கொல்வது.

மண்ணைச் சோதிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் வள அட்டையில் பார்க்கும் 12 அளவுகளில் தாமிரமும் ஒன்று, ஆனால் அது பயிருக்குத் தாமிரச் சத்து பற்றாக்குறையா என்று பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. "போதுமானது" என்று வந்தால் நாமும் அட்டையை மடித்து வைத்துவிடுகிறோம். போதுமானது என்ற சொல்லுக்கு மேல் எவ்வளவு என்று அது எச்சரிப்பதில்லை. பல வருடம் போர்டோ அடித்த தோட்டமாக இருந்தால், மேல் மண்ணைத் தனியாகவும் ஓரடிக்குக் கீழுள்ள மண்ணைத் தனியாகவும் எடுத்து, இரண்டிலும் தாமிரத்தின் எண்ணையும் கார அமில நிலையையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மண்ணை வெட்டும் கருவியில் பழைய மருந்துக் கறை இருக்கக் கூடாது. தெளிப்பானைக் கழுவும் இடத்துக்கும் மருந்து கலக்கும் பேரலுக்கும் பக்கத்து மண்ணை மாதிரியில் சேர்க்கவும் கூடாது. அந்த இடத்தைத் தனியாக ஒரு பையில் எடுத்துக் கொடுங்கள். தோட்டத்திலேயே அதிகத் தாமிரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.